பழைய ஜீப், கார் ஹெட்லைட் மங்குகிறதா? புது பல்பு வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்!

பூ, கீரை, காய்கறி, பால் என்று எதை ஏற்றினாலும் விவசாயியின் வண்டி இருட்டில்தான் கிளம்ப வேண்டியிருக்கிறது. உழவர் சந்தைக்கும் பூ மார்க்கெட்டுக்கும் விடியும் முன் போய்ச் சேர்ந்தால்தான் விலை கிடைக்கும். இதற்குப் பலரிடம் இருப்பது 15, 20 வருடம் ஓடிய ஜீப், ஆம்னி அல்லது பழைய கார்தான். இன்ஜின், பிரேக், டயர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் நாம், ஹெட்லைட்டை மட்டும் 'எரிகிறதா, போதும்' என்று விட்டுவிடுகிறோம்.

கிராமத்துச் சாலையில் என்னென்ன எதிர்ப்படும் என்று நமக்குத் தெரியும். பின்விளக்கு இல்லாத கரும்பு டிரெய்லர், ஓரமாக நிறுத்திய நெல் அறுவடை இயந்திரம், சாலையில் படுத்திருக்கும் மாடு, கறுப்புத் தார்ப்பாய் மூடிய குவியல் எதுவானாலும் நம் வெளிச்சம் பட்டால்தான் கண்ணுக்குத் தெரியும். 10 மீட்டர் முன்னதாகத் தெரிந்தாலே விபத்தைத் தவிர்த்துவிடலாம்.

வெளிச்சம் குறைந்ததும் பெரும்பாலானோர் செய்வது, கடையில் வாட்ஸ் கூடிய பல்பு வாங்கிப் போடுவது. பழைய வண்டிகளில் கோளாறு பெரும்பாலும் பல்பில் இருப்பதில்லை. ஒயர், எர்த், ஸ்விட்ச், ஃபோகஸ் இந்த நான்கில் ஒன்றில்தான் இருக்கும். இவற்றைச் சரிசெய்தாலே கம்பெனி கொடுத்த சாதாரண பல்பு போதுமான வெளிச்சம் தரும்.

முதலில் அறிகுறியைக் கவனியுங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன், வண்டியை ஸ்டார்ட் செய்து லைட்டைப் போட்டு, என்ன நடக்கிறது என்று பாருங்கள். அறிகுறியே பாதி கோளாறைச் சொல்லிவிடும்.

• இரண்டு லைட்டும் ஒரே மாதிரி மங்கலாக எரிந்தால்: இரண்டுக்கும் பொதுவான ஸ்விட்ச், ஃப்யூஸ், மெயின் ஒயர் அல்லது சார்ஜிங்கில் குறை இருக்கலாம்.

• ஒரு லைட் மட்டும் மங்கினால்: அந்தப் பக்கத்து எர்த் அல்லது பல்பு சாக்கெட்.

• டிம் எரிந்து பிரைட் எரியாவிட்டால், அல்லது பிரைட் எரிந்து டிம் எரியாவிட்டால்: இரண்டு பக்கமும் அப்படியே இருந்தால் டிம்-பிரைட் ஸ்விட்சைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் பல்பில் ஒரு இழை போயிருக்கும்.

• இண்டிகேட்டர் போடும்போது ஹெட்லைட்டும் சேர்ந்து துடித்தால்: எர்த் சரியில்லை.

• ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மட்டும் பிரகாசம் நன்றாகக் கூடினால்: பேட்டரி அல்லது ஆல்டர்னேட்டர் பலவீனம்.

• சிறிது நேரம் எரிந்து, தானாக அணைந்து, பிறகு தானாக எரிந்தால்: ஸ்விட்சிலோ கனெக்டரிலோ லூஸ் கான்டாக்ட் ஏற்பட்டுச் சூடாகிறது. இதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

• பல்பு அடிக்கடி ஃப்யூஸ் ஆனால்: சார்ஜிங் அதிகமாகிறது. ரெகுலேட்டரைச் சோதியுங்கள்.

இன்னொரு எளிய சோதனையும் உண்டு. எதிரே வருபவருக்கு லைட் அடித்துக் காட்ட இழுக்கும் 'பாஸ்' லீவர் உங்கள் வண்டியில் இருந்தால், அதை இழுத்துப் பாருங்கள். பல வண்டிகளில் இது மெயின் லைட் ஸ்விட்ச் வழியாகப் போகாமல் தனி வழியில் மின்சாரம் பெறுகிறது. பாஸ் அடிக்கும்போது பளிச்சென்று எரிந்து, ஸ்விட்சைப் போட்டால் எரியாமலோ மங்கியோ இருந்தால் பல்பும் எர்த்தும் நன்றாகவே இருக்கின்றன, ஸ்விட்ச் பக்கம்தான் பழுது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வெளிச்சம் வழியிலேயே தொலைகிறது

வாய்க்காலில் தண்ணீர் கசிந்தால் கடைமடைக்கு வந்து சேராது அல்லவா? மின்சாரமும் அப்படித்தான். பேட்டரியில் முழுதாக இருக்கும் வோல்ட், துருப்பிடித்த டெர்மினல், தேய்ந்த ஸ்விட்ச், பழைய ஒயர் என ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பல்புக்கு வரும்போது பற்றாக்குறையாகிவிடும்.

ஹாலஜன் பல்பில் இந்தக் குறைவின் விளைவு மிகப் பெரியது. வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். பேட்டரியில் 13.5 வோல்ட் இருந்து பல்புக்கு 11.5 மட்டும் வந்தால், வெளிச்சத்தில் 40 சதவீதத்துக்கு மேல் போய்விடும். கண்ணுக்கு அது மஞ்சள் வெளிச்சமாகத் தெரியும். இந்த நிலையில் எந்தப் பல்பை மாற்றினாலும் முழுப் பலன் கிடைக்காது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். மோட்டார் செட்டுக்காகப் பலரும் ஏற்கெனவே வைத்திருப்பார்கள். டிசி 20 வோல்ட் அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. இன்ஜினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போடுங்கள். பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்தால் சுமார் 13.5 முதல் 14.4 வோல்ட் காட்ட வேண்டும். 13-க்குக் கீழே இருந்தால் முதலில் பெல்ட், ஆல்டர்னேட்டர், பேட்டரியைப் பாருங்கள். 15-ஐத் தொட்டால் ரெகுலேட்டர் பழுது.

2. அடுத்து பல்பின் பின்பக்கம். எச்4 வகைப் பல்பில் மூன்று முனைகள் இருக்கும். ஒன்று டிம், ஒன்று பிரைட், ஒன்று இரண்டுக்கும் பொது. லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே, எரியும் முனைக்கும் பொது முனைக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று பாருங்கள்.

3. இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் ஒயரிங் நன்றாக இருக்கிறது. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் வழியில் கசிவு இருக்கிறது.

லைட் எரியும்போது அளப்பது முக்கியம். அணைத்துவிட்டு சாக்கெட்டைக் கழற்றி அளந்தால், கெட்டுப்போன ஒயர்கூட முழு வோல்ட்டைக் காட்டி ஏமாற்றிவிடும்.

எர்த்தை முதலில் பாருங்கள்

செலவே இல்லாமல் சரியாகும் கோளாறு இதுதான். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும், சிவப்பு முனையை பல்பின் எர்த் முனையிலும் வைத்து, லைட் எரியும்போது பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. ஆனால் சில ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளில் டிம்-பிரைட் ஸ்விட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். அவற்றில் இந்த அளவு ஸ்விட்சில் இழப்பதையும் சேர்த்தே காட்டும்.

எர்த் ஒயர் பாடியில் போல்ட் போட்டிருக்கும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். அங்கே பெயின்ட், துரு, சேறு இருக்கும். கழற்றி, உப்புத்தாளால் பளபளப்பாகும் வரை தேய்த்து, இறுக்கிப் போட்டு, மேலே கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும், சேஸிஸுக்கும் பேட்டரிக்கும் இடையே உள்ள தடித்த எர்த் பட்டையையும் இதேபோல் சுத்தம் செய்ய வேண்டும்.

விவசாய வண்டிகளுக்கு இதில் தனிக் கவனம் தேவை. யூரியா, பொட்டாஷ் மூட்டைகளை ஏற்றும்போது சிந்தும் உரத்தூள் ஈரத்தை இழுத்து, செம்பு முனைகளைப் பச்சையாக அரித்துவிடும். உரம் ஏற்றிய பிறகு வண்டியைக் கழுவிக் காயவைப்பது நல்லது. தவிடு, வைக்கோல் உள்ள கொட்டகையில் வண்டியை நிறுத்தினால் எலி ஒயரைக் கடிக்கும். மாதம் ஒருமுறை பானெட்டைத் திறந்து, தோல் உரிந்த ஒயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்விட்ச் ஏன் கெடுகிறது?

60/55 வாட்ஸ் பல்பு இரண்டு எரியும்போது பிரைட்டில் 120 வாட்ஸ், அதாவது சுமார் 10 ஆம்பியர் மின்சாரம் ஓடுகிறது. ரிலே இல்லாத பழைய வண்டிகளில் இந்தப் பத்து ஆம்பியரும் ஸ்டியரிங் அருகே உள்ள சிறிய ஸ்விட்ச் வழியாகவே போகிறது. வருடக்கணக்கில் போட்டு அணைக்கும்போது ஏற்படும் தீப்பொறியில் உள்ளே உள்ள செம்புக் கான்டாக்ட் கருகிவிடும். கருகிய கான்டாக்ட் இன்னும் சூடாகும், சூட்டில் ஸ்பிரிங் தளரும், பிளாஸ்டிக் உருகும்.

பழைய ஜீப்களில் டிம்-பிரைட் ஸ்விட்ச் இடது காலால் மிதிக்கும்படி தரையில் இருக்கும். வயல் சேறும் தண்ணீரும் நேராக அதன்மேல்தான் விழும். மிதித்தால் மாறாமல் சிக்கிக்கொள்வதற்கும், நடுவில் நின்று இரண்டு லைட்டும் அணைவதற்கும் இதுவே காரணம்.

ஸ்விட்சைச் சோதிக்க, பத்து நிமிடம் லைட்டை எரியவிட்டு, ஸ்விட்சையும் அதன் கனெக்டரையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு, கருகிய வாடை, பழுப்பேறிய பிளாஸ்டிக் இருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

அப்படி இல்லையென்றால் சுத்தம் செய்து பார்க்கலாம். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிடுங்கள். எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயை ஸ்விட்சுக்குள் அடித்து, இருபது முப்பது முறை போட்டு அணையுங்கள். நன்றாக உலர்ந்த பிறகே கேபிளை மாட்ட வேண்டும். பெட்ரோல் ஊற்றிக் கழுவக் கூடாது. புது ஸ்விட்ச் வாங்கினால், உருகிய கனெக்டரையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய கனெக்டரில் புது ஸ்விட்சைச் செருகினால் அதுவும் சில மாதங்களில் கருகிவிடும்.

ரிலே போட்டால் இரண்டு நன்மை

பழைய வண்டிக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த வேலை, டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே போடுவதுதான். ரிலே என்பது மோட்டார் செட்டில் உள்ள ஸ்டார்ட்டர் மாதிரி. நாம் அழுத்தும் பொத்தானில் சிறிதளவு மின்சாரமே ஓடும், பெரிய மின்சாரம் உள்ளே உள்ள கான்டாக்டர் வழியாக நேராக மோட்டாருக்குப் போகும். அதேபோல் ரிலே போட்டதும் ஸ்விட்ச் வழியாகக் கால் ஆம்பியருக்கும் குறைவாகத்தான் ஓடும். ஸ்விட்ச் பல வருடம் உழைக்கும், பல்புக்கும் முழு வோல்ட் கிடைக்கும்.

12 வோல்ட், 30 ஆம்பியர் ரிலேயில் எண் பொறித்த நான்கு முனைகள் இருக்கும்.

• 30: பேட்டரி பாசிட்டிவிலிருந்து, 15 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக.
• 87: ஹெட்லைட் பல்புகளுக்கு.
• 86: முன்பு பல்புக்குப் போன பழைய ஸ்விட்ச் ஒயர்.
• 85: எர்த்.

ஃப்யூஸை பேட்டரிக்கு மிக அருகில் போட வேண்டும். வழியில் ஒயர் எங்கே உரசினாலும் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதுமானது. பல்பிலிருந்து வரும் எர்த் ஒயரும் அதே தடிமனில் இருக்கட்டும். டிம்-பிரைட் ஸ்விட்ச் எர்த் பக்கம் உள்ள வண்டிகளில் இந்த இணைப்பு முறை மாறும் என்பதால், வேலையை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுப்பதே பாதுகாப்பு.

வாட்ஸ் கூடிய பல்பு வேண்டாம்

100/90 வாட்ஸ் பல்பு இரண்டு போட்டால் பிரைட்டில் ஏறக்குறைய 17 ஆம்பியர் ஓடும். கான்டாக்டில் உண்டாகும் சூடு மின்சாரத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுவதால், அது முன்பைவிட மூன்று மடங்கு அளவுக்குப் போய்விடும். ஸ்விட்ச், சாக்கெட் இரண்டும் உருகும். ரிஃப்ளெக்டரின் பூச்சும் கருகும்.

ஹாலஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் மலிவான எல்இடி பல்பைச் செருகுவதும் நல்ல யோசனை அல்ல. ஒளி பிறக்கும் இடம் சற்று மாறினாலும் வெளிச்சம் சிதறும். ஓட்டுபவருக்கு அருகில் வெள்ளையாகத் தெரியும், தூரத்தில் விழாது, எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும்.

புது ஹாலஜன் பல்பைப் போடும்போது கண்ணாடியைக் கையால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகம் சூடாகிப் பல்பு சீக்கிரம் போய்விடும். பல்பின் மூன்று காதுகளும் அதனதன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கோணலாக உட்கார்ந்த பல்பை வைத்துக்கொண்டு எவ்வளவு ஃபோகஸ் செய்தாலும் சரிவராது. ரிஃப்ளெக்டர் மங்கியிருந்தால் அதைத் துடைத்துப் பயனில்லை, துடைத்தால் பூச்சும் போய்விடும். யூனிட்டையே மாற்ற வேண்டும். மாற்றும்போது, இந்தியா போல இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கான லைட்டா என்று கேட்டு வாங்குங்கள். வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கான லைட், எதிரே வருபவர் பக்கம் ஒளியை உயர்த்தும்.

நெல் காயவைக்கும் களத்திலேயே ஃபோகஸ் பார்க்கலாம்

ஃபோகஸ் சரிசெய்யச் சமதளமும் சுவரும் வேண்டும். சிமென்ட் களமும் அதையொட்டிய குடோன் சுவரும் இதற்கு ஏற்ற இடம். களத்தில் தண்ணீர் வடியச் சரிவு விட்டிருப்பார்கள் என்பதால், சரிவு இல்லாத திசையாகப் பார்த்து வண்டியை நிறுத்துங்கள்.

1. டயர்களில் சரியான அளவு காற்று பிடித்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும்.

2. வண்டியைச் சுவரை ஒட்டி நேராக நிறுத்தி, இரண்டு லைட்டின் மையத்துக்கு நேராகச் சுவரில் சாக்பீஸால் குறியிடுங்கள். ஒவ்வொரு குறியிலும் மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள். இரண்டு குறிகளையும் இணைத்துக் குறுக்கே ஒரு கோடு போடுங்கள்.

3. அந்தக் குறுக்குக் கோட்டுக்கு 10 செ.மீ. கீழே இன்னொரு குறுக்குக் கோடு வரையுங்கள்.

4. வண்டியை நேராகப் பின்னோக்கி எடுத்து, லைட்டுக்கும் சுவருக்கும் 10 மீட்டர் இருக்கும்படி நிறுத்துங்கள்.

5. டிம் லைட்டைப் போட்டு, ஒரு லைட்டை அட்டையால் மறைத்து மற்றதைப் பாருங்கள். வெளிச்சமும் இருட்டும் பிரியும் மேல் விளிம்பு, கீழ்க் கோட்டின்மேல் விழ வேண்டும். விளிம்பு வலப்பக்கம் மட்டமாகவும், இடப்பக்கம் சற்று மேலேறியும் இருக்கும். மேலேறத் தொடங்கும் இடம் அந்த லைட்டின் நெடுக்குக் கோட்டில் இருக்க வேண்டும்.

பழைய வட்ட லைட்களில் மேலே உள்ள ஸ்க்ரூ ஒளியை மேலும் கீழும் நகர்த்தும், பக்கவாட்டு ஸ்க்ரூ இடமும் வலமும் நகர்த்தும். வளையத்தைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் வேறு, அவற்றைத் திருப்பாதீர்கள். துருப்பிடித்திருந்தால் முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். டிம்மும் பிரைட்டும் ஒரே பல்பில் இருக்கும் வண்டிகளில் டிம்மைச் சரிசெய்தால் போதும், பிரைட் தானாகச் சரியாகிவிடும். உங்கள் வண்டியின் கையேட்டிலோ லைட் மீதோ வேறு அளவு கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

சுமை ஏற்றினால் ஒளி மேலே போகும்

காலியாக இருக்கும்போது கச்சிதமாக ஃபோகஸ் செய்த வண்டி, பின்னால் மூட்டை ஏற்றியதும் மாறிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் 2.4 மீட்டர் இடைவெளி உள்ள வண்டி, சுமையால் பின்பக்கம் 5 செ.மீ. மட்டும் இறங்கினால், 10 மீட்டர் தூரத்தில் ஒளி சுமார் 20 செ.மீ. உயர்கிறது. 10 செ.மீ. கீழே இருந்த விளிம்பு 10 செ.மீ. மேலே போய்விடும். 50 மீட்டரில் அது லைட்டின் உயரத்தைவிட அரை மீட்டர் மேலே இருக்கும். அது எதிரே வரும் கார் ஓட்டுநரின் கண் மட்டம். டிம்மில் போட்டிருந்தும் எதிரே வருபவர் லைட் அடித்துத் திட்டுவது இதனால்தான்.

அதனால் இரவில் எப்போதும் சுமையுடன்தான் போவீர்கள், பகலில் காலியாகத் திரும்புவீர்கள் என்றால், வழக்கமான சுமையை ஏற்றிவைத்தே ஃபோகஸ் செய்யுங்கள். இரவில் காலியாகவும் ஓட்டுவீர்கள் என்றால் இது ஒத்துவராது. சுமையுடன் ஃபோகஸ் செய்த வண்டி காலியாகும்போது ஒளி 20 மீட்டர் சொச்சத்திலேயே தரையில் விழுந்துவிடும். 40 கி.மீ. வேகத்தில் வந்தாலே, பார்த்துப் பிரேக் அடித்து நிற்க அவ்வளவு தூரம் ஆகிவிடும். 60 கி.மீ. வேகம் என்றால் 40 மீட்டர் வேண்டும். இவர்கள் காலி வண்டியில் ஃபோகஸ் செய்துகொண்டு, சுமையை முன்பக்கமாகத் தள்ளி அடுக்கி, படுத்துப்போன பட்டை ஸ்பிரிங்கைச் சரிசெய்ய வேண்டும். டேஷ்போர்டில் லைட்டை ஏற்றி இறக்கும் திருகு இருந்தால், ஃபோகஸ் செய்யும்போது 0-வில் வைத்து, சுமை ஏற்றும்போது தேவையான அளவு இறக்கிக்கொள்ளலாம்.

சட்டம் சொல்லும் எளிய சோதனை

1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி இதற்கு ஒரு அளவு கொடுக்கிறது. லைட்டிலிருந்து 8 மீட்டர் முன்னால், லைட்டின் வலது விளிம்பிலிருந்து அரை மீட்டர் வலப்பக்கமாக, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக் கூடாது. ஃபோகஸ் முடிந்ததும் வீட்டில் ஒருவரை அந்த இடத்தில் நிற்கவைத்துக் கேட்டுவிடுங்கள். 15 வருடம் முடிந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும்போது ஹெட்லைட்டும் பரிசோதிக்கப்படும் என்பதால், இந்த வேலை அங்கேயும் கைகொடுக்கும்.

வழியில் லைட் அணைந்துவிட்டால்

பதற்றத்தில் சட்டென்று பிரேக் அடிக்காமல், வேகத்தைக் குறைத்து இடப்பக்கம் ஓரங்கட்டுங்கள். நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். டிம் போயிருந்தால் பிரைட்டுக்கு மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் ஒன்றாவது எரியும். கருகிய வாடை வந்தால் லைட்டை அணைத்துவிட்டு, பேட்டரி கேபிளைக் கழற்றுங்கள். ஃப்யூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர் ஃப்யூஸைத்தான் போட வேண்டும். சிகரெட் டப்பா ஜிகினாத் தாளைச் சுற்றிப் போட்டால் அடுத்து எரிவது ஒயராகத்தான் இருக்கும். எதுவும் சரிவராவிட்டால், பின்னால் வருபவர்களுக்குத் தெரியும்படி முக்கோண எச்சரிக்கைப் பலகையை வைத்து, விடியும் வரை காத்திருப்பதே நல்லது.

மறக்காமல் செய்ய வேண்டியவை

• வாரம் ஒருமுறை லைட் கண்ணாடியைத் துடைத்து, டிம், பிரைட் இரண்டையும் சுவரில் அடித்துப் பாருங்கள்.
• மாதம் ஒருமுறை பேட்டரி டெர்மினல், எர்த் போல்ட், எலி கடித்த ஒயர் ஆகியவற்றைப் பாருங்கள்.
• பல்பு, ஸ்பிரிங், டயர் அளவு எதை மாற்றினாலும் ஃபோகஸைச் சரிபாருங்கள்.
• ஒரு உதிரி பல்பு, நான்கு ஃப்யூஸ், ஒரு டார்ச் வண்டியில் எப்போதும் இருக்கட்டும்.
• டிரெய்லர், மாட்டு வண்டி வைத்திருப்பவர்கள் பின்பக்கம் சிவப்பு ஒளிபிரதிபலிப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அடுத்தவர் ஹெட்லைட் எவ்வளவு நன்றாக இருந்தாலும், திருப்பி ஒளிர ஏதாவது இருந்தால்தான் உங்கள் வண்டி தூரத்திலேயே தெரியும்.

எர்த்தைச் சுத்தம் செய்வதற்கும் ஃபோகஸ் பார்ப்பதற்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும். அடுத்த முறை சந்தைக்குக் கிளம்பும் முன் அதை முடித்துவிடுங்கள்.